ஈய மூக்கும் சீமைத் தோட்டாவும்

வாங்க, உள்ள வாங்க. எம் பொண்டாட்டி மயிலாத்தாவைத் தேடித்தானே வந்தீங்க? தெரியுமுங்க. இந்த வாசலுக்கு வர்றவங்க யாரும் இந்தத் திருமூர்த்தியைத் தேடி வர்றதில்லை. அவ இல்லீங்க. மேக்கே ஒரு தென்னந்தோப்புல பன்னி எறங்கிருச்சுன்னு வெடியாலயே ஜீப்பு வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. வர்ற நேரந்தான், உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு காலு ஆடும், இதுல உக்காருங்க.

என்னது, உங்ககிட்டயும் ரைஃபிள் இருக்குதா? த்ரீ ஒன் ஃபைவா? அட, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து தோட்டம் வாங்கியிருக்கறவரு நீங்கதானா! சரி சரி. துப்பாக்கி இருக்குது, லைசென்ஸ் இருக்குது, பன்னிக்கு எந்தத் தோட்டா போடறதுன்னு கேக்கோணும். அவ்வளவுதானே? அதுக்கு மயிலாத்தா எதுக்குங்க, நான் இல்லையா?

ரெண்டு தினுசு உண்டுங்க. ஒண்ணு இப்பத்த ஃபேக்டரித் தோட்டா. மூக்குல ஈயம் வெளியே தெரியும், மொட்டையா இருக்கும். ஈய மூக்குன்னு சொல்லுவோம். பன்னி மேல பட்டதும் உள்ள போயி காளானாட்டம் விரிஞ்சு அங்கயே நின்னுக்கும். பன்னி பத்தடி நடக்காது. இன்னொண்ணு சீமைத் தோட்டா. என்ற மாமனாரு காலத்துச் சரக்கு. குண்டு முழுசும் செம்புச் சட்டை போட்டிருக்கும். பட்டா நிக்காது. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். பின்னாடி எவனாச்சும் நின்னா அவனுக்கும் ஒரு பங்கு. மயிலாத்தா ஈய மூக்குதான்னு சாதிப்பா. என்னைக் கேட்டீங்கன்னா சீமைத் தோட்டாதானுங்க. பாதியில நின்னு போறதெல்லாம் ஒரு தோட்டாவா?

நீங்க புதுசு, அதனால சொல்றேன். இந்த ஊருல பேச்சுத் தமிழு, சட்டம் கேரளா. வெள்ளாமையைப் பன்னி அழிச்சா பஞ்சாயத்து உத்தரவு போடும். லைசென்ஸ் யாரு பேருல இருக்குதோ அவங்கதான் சுடோணும், வேற ஆளு தொடக்கூடாது. சுட்ட பன்னியைக் குழியில போட்டு, மண்ணெண்ணெய் ஊத்திப் பொதைக்கோணும். ஒரு துண்டு கறி வாயில வெக்கக்கூடாது. கொழுத்த பன்னி மேல மண்ணெண்ணெய் ஊத்தறப்ப சுத்தி நிக்கற ஆம்பளைங்க மூஞ்சியைப் பாக்கோணுமே, எழவு வீடு கெட்டுது போங்க.

லைசென்ஸ் எப்படி அவ பேருக்குப் போச்சுன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறதுதான். மாமனாருக்கு அவ ஒரே மக. அவரு போனதும் துப்பாக்கி மருமகனுக்கு வரும்னுதான் ஊரே நெனச்சுது, நானுந்தான். சுடற பரீட்சைக்கு ரெண்டு பேரும் போனோம். அன்னைக்கு எனக்குக் காய்ச்சலுங்க. காய்ச்சல்னா சும்மா இல்லை, கண்ணெல்லாம் எரிச்சல். சூரியன் வேற நேர் எதுக்கே. அவளுக்கு அப்படி இல்லை. அதே எடந்தான், அதே சூரியன்தான், ஆனா மேகம் வந்து மறைச்சுருச்சு. சுட்டா. பட்டுது. அதுலருந்து மயிலாத்தா துப்பாக்கி தூக்கறா, நான் பை தூக்கறேன். தோட்டாப் பை, தண்ணி பாட்டில், டார்ச் எல்லாம் என்ற தோள்ல. ‘மயிலாத்தா வந்துட்டாங்களா?’ன்னு கேப்பாங்க. கூட வந்தவன் ஒருத்தன் நிக்கறானே, அவனை ஒரு வார்த்தை கேக்கோணுமே? ம்ஹூம்.

இதையெல்லாம் நான் பெருசு பண்றதில்லீங்க. பெருசு பண்ற ஆளா நானு?

மாமனாரு ஒரு பிஸ்கட் டப்பாவுல சீமைத் தோட்டா கொஞ்சம் விட்டுட்டுப் போயிருந்தாரு. களிம்பு ஏறிப் பச்சை புடிச்சுக் கெடந்துது. ‘மாமா, அது வயசான தோட்டா, கடையில திருப்பிக் குடுத்தரலாம்’னு மயிலாத்தா என்கிட்டச் சொல்லிட்டே இருந்தா. வயசான தோட்டாவை ஏன் தொடமாட்டான்னா, அவங்க சித்தப்பா கதை. அவரு ஒரு தடவை பழைய தோட்டா போட்டு விசையை இழுத்தாராம். டிக்குனு ஒரு சத்தந்தான், வெடிக்கலை. சரி, இது சொத்தைன்னு தோட்டாவை வெளிய எடுக்கப் போல்ட்டைத் தெறந்தாராம். தெறந்த கையோட தாமசமா வெடிச்சு, வலது கண்ணு போயிருச்சு. அதுலருந்து மாமனாரு மககிட்டச் சொல்லிச் சொல்லி வளத்தியிருக்காரு. புதுத் தோட்டா டிக்குன்னா அது சொத்தை, தெறந்து வீசிட்டு அடுத்ததைப் போடு. பழசு டிக்குன்னா தெறக்காதே, குழலைக் குறியிலயே வெச்சுட்டு நில்லு, அது எப்ப வேணா வெடிக்கும். இதை அவ பாட்டாட்டம் ஒப்பிப்பா. சித்தப்பா கண்ணுக்கு வேற ஏதோ காரணம் இருக்கும்னு நான் நெனச்சேன். சீமைச் சரக்குங்க அது!

டீக்கடையில ஒருநாள் பேச்சு வந்துச்சு. மயிலாத்தா சுட்டா, மயிலாத்தா சாய்ச்சான்னு அவனவன் அளக்கறான். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘எங்கூட்ல மாமனாரு வெச்ச சீமைத் தோட்டா இருக்குது, ஒரே தோட்டாவுல ரெண்டு பன்னி விழும், காட்டறேன் பாருங்க’ன்னு சொல்லிப் போட்டேன். சொன்னது சொன்னதுதானே? ஆம்பளை வார்த்தை.

ஊட்டுக்கு வந்து அவ இல்லாத நேரமாப் பாத்து ஒரு சட்டியில புளியைக் கரைச்சு அந்தத் தோட்டாவை ஊறப் போட்டேன். பித்தளைச் செம்பை நம்ம பொம்பளைங்க வெளக்கறாங்க இல்லீங்களா, அதே ரோசனை. ராத்திரி பூரா ஊறுச்சு. வெடியால எடுத்துத் தேச்சேன் பாருங்க, தகதகன்னு கல்யாணப் பொண்ணு மூக்குத்தியாட்டம் ஆயிருச்சு. இதையா வயசானதுங்கறா?

அந்த வாரமே சென்னியப்பன் கரும்புக்காட்டுல பன்னி பூந்துருச்சு. பெரிய ஆண் பன்னி. ஏழெட்டு வரிசையைப் படுக்கப் போட்டு மென்னு துப்பியிருந்துது. மறுநாள் வெட்டுக்கு ஆளு சொல்லியாச்சு, பொம்பளையாளுங்க வர்றாங்க. அதுக்குள்ள பன்னியை எடுத்தாகோணும். பொழுதோட நாய் விட்டுக் கலைக்கறதுன்னு முடிவாச்சு. பஞ்சாயத்து சார்புல மெம்பர் சசிதரன் வந்திருந்தாரு.

கெளம்பறப்ப மயிலாத்தா மேகசின்ல அஞ்சு ஈய மூக்குப் போட்டு, துணியில சுத்தி, பையில வெச்சா. பை யாருகிட்ட? என்கிட்ட. வாய்க்கால் ஓரமா அவ முன்னால நடக்கறா. நான் பின்னால. மோட்டார் ரூம் பக்கம் ஒண்ணுக்குப் போறாப்பல ஒதுங்கி, அஞ்சையும் உருவி சட்டைப் பையில போட்டுட்டு, சீமைத் தோட்டா அஞ்சை உள்ள தள்ளுனேன். என்ன நெனச்சேன்னா, அவ சுடட்டும், பன்னி விழட்டும், எல்லாரும் ‘மயிலாத்தா, மயிலாத்தா’ன்னு ஆடி முடிக்கட்டும். அப்பறம் மெதுவா, ‘தோட்டா யாரு போட்டதுன்னு கேளுங்க’ன்னு சொல்லலாம். இதுல என்னங்க தப்பு? கூட ஒழைக்கறவனுக்கு ஒருநாளாச்சும் ஒரு பேரு வேண்டாமா?

‘மாமா, மேகசின்’னு கையை நீட்டுனா. குடுத்தேன். பாக்காமயே மாட்டுனா. போல்ட்டை இழுத்துத் தள்ளுனா. என் கையில இருந்து வாங்குனதை அவ அன்னைக்கு வரைக்கும் திருப்பிப் பாத்ததே இல்லை, அதையும் சொல்லிப் போடறேன்.

நாய் கொலைக்குது. கரும்பு அலையடிக்குது. பக்கத்துக் கடலைக்காட்டுல மயிலாத்தா ஒத்தைக் காலை மடிச்சு உக்காந்திருக்கா, சேலைக்கு மேல என்ற பழைய காக்கிச் சட்டை. சென்னியப்பனும் நானும் வரப்புல. சசிதரன் வெயிலுக்கு மோட்டார் ரூம் நெழல்ல. பன்னி வெளிய வந்துச்சு பாருங்க, எருமைக் கன்னு ஒசரம். வந்து ஒரு நிமிசம் நின்னுச்சு. சுட்டா.

சரியான எடத்துல பட்டுதுங்க, தோளுக்குப் பின்னாடி. பன்னி முட்டி போட்டு எந்திரிச்சுது. விழுவலை. அப்படியே திரும்பிக் கரும்புக்குள்ளயே போயிருச்சு. அதே நேரத்துல மோட்டார் ரூம் மேல இருந்த கறுப்புத் தண்ணித்தொட்டி ஓட்டையாகி, தண்ணி பீச்சி சசிதரன் தலையில அடிக்குது. அவரு ‘எந்தா இது, எந்தா இது’ன்னு ஓடறாரு. ஒண்ணும் ஆகலீங்க, சட்டை நனைஞ்சுது, அவ்வளவுதான். குண்டு போனது அவரு தலைக்கு ஒசக்கே ரெண்டு முழம் இருக்கும்.

மயிலாத்தா தொட்டியையே பாத்தா. பொறகு என்னைப் பாத்தா. ஈய மூக்கா இருந்தா பன்னிக்குள்ளயே நின்னிருக்கும், அந்தத் தொட்டி வரைக்கும் போவாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போல்ட்டை இழுத்தா, காலித் தோட்டா தெறிச்சு விழுந்துது. அவ குனியறதுக்குள்ள நான் ஓடிப் போயி எடுத்துச் சட்டைப் பையில போட்டுட்டேன்.

‘மாமா, நான் போட்ட தோட்டாதானே இது?’

மெதுவாத்தான் கேட்டா. ஆனா பக்கத்துல சென்னியப்பன். சசிதரன் வேற தலையைத் தொடைச்சுட்டு வந்துட்டாரு. ரெண்டு பேரும் என் வாயையே பாக்கறாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

‘பின்ன? வேற யாரு போட்டது?’ன்னேன்.

அவ பன்னி போன எடத்துலருந்து கண்ணை எடுக்காமயே போல்ட்டைத் தள்ளி மூடுனா. காயம்பட்ட பன்னியை விட்டுட்டு வரக்கூடாதுங்க, அது இந்தத் தொழிலுக்கு மொத நியாயம். சும்மா இருக்கற பன்னி ஆளைக் கண்டா ஓடும், காயம்பட்டது ஆளைத் தேடும். வெடிஞ்சா அந்தக் கரும்புக்குள்ள பொம்பளையாளுங்க கொடுவாளோட குனிஞ்சு நிக்கப் போறாங்க. சுட்டவங்கதான் உள்ள போயி முடிக்கோணும். நாய் ரெண்டும் வாலை இடுக்கிட்டு வெளிய வந்துருச்சு. மயிலாத்தா மூக்குத்தியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள நொழைஞ்சா.

நானும் போனேன். யாரும் போகச் சொல்லலை, அதைக் கவனிச்சுக்குங்க. பை என்கிட்ட இருக்குதில்ல?

கரும்புக்குள்ள போயிருக்கீங்களா? பத்தடிக்கு அக்கட்ட ஒண்ணும் தெரியாது. கரும்புச் சோகை மூஞ்சியை அறுக்குது. காலடியில காஞ்ச சருகு, எவ்வளவு பதனமா வெச்சாலும் நெறுக்குன்னு சத்தம் வருது. ரத்தம் அங்கங்க சொட்டியிருக்குது, கொஞ்சமாத்தான். உள்ள விரியலையே, அப்பறம் எங்க இருந்து ரத்தம் வரும்? அவ முன்னால போறா, நான் பின்னால. என்ற சட்டைப் பையில ஈய மூக்கு அஞ்சும் காலித் தோட்டாவும் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சத்தம் போடுது. ஒரு கையால நெஞ்சை அமுக்கிப் புடிச்சுட்டே போனேன்.

பயந்தேனுங்க. பயந்தேன்னு சொல்றதுல என்ன வெக்கம்? அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஊட்டுல நான் யாருகிட்டச் சோறு கேப்பேன்? கைக்கெட்டுற தூரத்துல அவ முதுகு. ‘அம்மிணி, நில்லு, அது பழைய தோட்டா, இந்தா புதுசு’ன்னு சொன்னா முடிஞ்சுது. தொண்டை வரைக்கும் வந்துச்சு, சத்தியமாச் சொல்றேன். ஆனா வெளிய வரப்புல ரெண்டு பேரு காதைத் தீட்டிட்டு நிக்கறாங்க. சத்தம் கேட்டுரும். நாளைக்கு டீக்கடையில என்ன பேசுவாங்க? ‘பொண்டாட்டி தோட்டாவை மாத்தி வெச்சவன்’னு பேரு ஆயிராதா? இன்னும் நாலடி போகட்டும், இன்னும் நாலடி போகட்டும்னே போயிட்டிருந்தேன்.

மூச்சுச் சத்தம் கேட்டுது. பொறகு வாடை. மயிலாத்தா நின்னா. சோகைக்கு நடுவுல பன்னி மூஞ்சி, எங்களைப் பாத்தே நிக்குது. பத்தடி இருந்தா எச்சு. கோரைப்பல்லு வெள்ளையாத் தெரியுது, வாயோரம் ரத்த நொரை. அவ துப்பாக்கியைத் தோள்ல வெச்சு விசையை இழுத்தா.

டிக்.

அவ்வளவுதான். வெடிக்கலை.

பன்னி தலையைத் தாழ்த்துது. மயிலாத்தா திரும்பலை, துப்பாக்கியை எறக்கலை. பின்னால பாக்காமயே, ஊருக்கே கேக்கறாப்பல கேட்டா:

‘மாமா! பழசா, புதுசா?’

நெனச்சுப் பாருங்க என்ற நெலமையை. கேள்வி எனக்கு மட்டும் இல்லை, வரப்புல நிக்கறவங்களுக்கும் கேட்டிருக்கும். அங்க சத்தமே இல்லை, மூச்சைப் புடிச்சுட்டு என் பதிலுக்குக் காத்துட்டிருக்காங்க. இப்ப பழசுன்னு சொன்னா, கொஞ்சம் முன்னாடி ‘பின்ன?’ன்னு சொன்னது என்ன ஆகும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு, பாதியில தோண்டி எடுக்க முடியுமா?

‘புதுசுதான் அம்மிணி! போல்ட்டைத் தெற! அடுத்ததைப் போடு!’ன்னு கத்துனேன்.

பன்னி வந்துருச்சு. கரும்பு ரெண்டாப் பொளந்து போறாப்பல ஒரு சத்தம். நான் பையைப் போட்டுட்டுப் பின்னால விழுந்தேன். விழுந்த எடத்துலருந்து பாக்கறேன், மயிலாத்தா போல்ட்டுப் பக்கமே கையைக் கொண்டு போகலை. குழல் பன்னி நெத்தியைப் பாத்தே நிக்குது. பன்னி வர வர, குழலும் கூடவே தாழுது. தெற, தெறன்னு நான் கத்தறேன். கல்லு மாதிரி நிக்கறாளே ஒழிய அசையலை.

வெடிச்சுதுங்க. அவ விசையைத் தொடலை, அதுவா வெடிச்சுது. மூஞ்சிக்கு நேரா வாங்குன பன்னி வந்த வேகத்துல உருண்டு அவ காலை இடிச்சுட்டுத்தான் நின்னுது. அவளும் கீழ விழுந்தா. முழங்காலுக்குக் கீழ கொஞ்சம் கிழிச்சிருந்துது, நாலு தையல். வேற ஒண்ணும் இல்லை.

சென்னியப்பனும் சசிதரனும் ஓடி வந்தாங்க. அவளைத் தூக்கறாங்க, தண்ணி குடுக்கறாங்க. என்னை ஒருத்தன் தூக்கலை. நானே எந்திரிச்சேன். எந்திரிக்கறப்ப சட்டைப் பை கவுந்து ஈய மூக்கு அஞ்சும் சருகுல விழுந்துருச்சு. எல்லாரும் பாத்தாங்க. மயிலாத்தாதான் நொண்டிட்டே வந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கி, சேலை முந்தியில முடிஞ்சுட்டா.

குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊத்திப் பொதைச்சோம். தையல் போட்டுட்டு ஜீப்புல வந்து எறங்குனோம். வழியெல்லாம் அவ திட்டுவா, அழுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், அதோட போயிருக்கும். பேச்சே இல்லை. எனக்குத்தான் பொறுக்கலை. வாசல்ல நிறுத்தி நானே கேட்டேன்: ‘ஏன் அம்மிணி, நான் அத்தனை கத்து கத்துறேன், போல்ட்டைத் தெறன்னு. நீ ஏன் தெறக்கலை?’

அவ என்னைப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. கோவம் இருந்தா எனக்குத் தெரியும்.

‘தொட்டி ஓட்டையானப்ப எனக்குச் சந்தேகந்தான் மாமா. உறுதியாத் தெரியலை. நீங்க புதுசுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் அது பழசுன்னு தெரிஞ்சுது’ன்னா.

சொல்லிட்டு உள்ள போயிட்டா. அன்னையிலருந்து பையை அவளே தூக்கிக்கறா. என்கிட்ட நல்லாத்தான் பேசறா, சோறு போடறா, தலைவலின்னா தைலம் தேச்சு விடறா. ஆனா நான் என்ன சொன்னாலும் ஒரு நொடி என் மூஞ்சியைப் பாத்துட்டு, சொன்னதுக்கு நேர் எதுராப் பண்ணறா. மழை வரும்னா துணியைக் காயப் போடறா. காயவும் காயுது.

ஊர்ல எல்லாரும் அவ பக்கம். நீங்க வெளியூர்க்காரரு, உங்களுக்கு யாரு பக்கமும் இல்லை, நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க. உசுரு போற நேரத்துல, பன்னி பாஞ்சு வர்ற நேரத்துல, கட்டுன புருசன் தொண்டை கிழியக் கத்தறான், தெறன்னு. அப்பக்கூட அவன் சொன்னதைக் கேக்கலைன்னா, அவ பொண்டாட்டியாங்க?